குத்துச்சண்டை வீரர் ஹவா சிங்



குத்துச்சண்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே பலர் உளர். ஒரு மனிதன் மற்றொரு மனிதனை முட்டியால் தாக்குவதும் அதனைச் சுற்றி நின்று பலர் கண்டு மகிழ்வதும் ஒரு விளையாட்டாகுமா என்பது அவர்தம் வினா. நானும் நெடுங்காலம் அவ்வாறே வினவியவன்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிகளில் பணியாற்றியவன் நான். மாணவர் இருவர் கைகலந்தால் ஓடிச்சென்று விலக்கிவிடுவதும், இருவரையும் கண்டிப்பதும், பெற்றோரை அழைத்துவரச் சொல்வதும் என் அன்றாடப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தன. அத்தகைய எனக்குக் கைகலப்பையே கலையாகக் கற்பிப்பவர்கள் மீது மதிப்பு உண்டாகாதது வியப்பன்று. அந்த எண்ணத்தை மாற்றியவர், நான் ஒருமுறையேனும் நேரில் கண்டிராத ஒருவர். அவர் பெயர் ஹவா சிங். அவர் வாழ்க்கையைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விழைகின்றேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுதல் நலம். உடல் வலிமையை ஒழுங்குபடுத்திப் போட்டியாக ஆடும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்ற செய்தியைப் புறநானூற்றில் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். மரக்காணத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் மாமல்லபுரம் வருகிறது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்', அதாவது பெரிய மல்லன், என்ற பட்டப்பெயர் பூண்டதை அவ்வூர்ப் பெயரே இன்றளவும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அண்மைக் காலத்திலோ, வடசென்னையில் துறைமுகத்திலும் கடல் தொழிலிலும் உழைத்த மக்களிடையே சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்றெல்லாம் பெயர் பூண்ட குத்துச்சண்டை மரபுகள் வேரூன்றித் தழைத்தன. 'பரம்பரை' என்ற அச்சொல்லை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். இங்கே பரம்பரை என்பது குருதி வழி வந்த உறவைக் குறிப்பதன்று. ஆசிரியர் வழி வந்த உறவைக் குறிப்பது. இன்றைய பேச்சின் கருத்தும் அதுவே.

இனி, இவ்விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவேன். நான்கு பக்கமும் கயிறு கட்டிய சதுர மேடை. கயிறுகளுக்கு உட்பட்ட ஒரு பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். அதனுள் இரு வீரர்கள், ஒரு நடுவர். மேடையைச் சுற்றி மதிப்பெண் இடும் தீர்ப்பாளர் ஐவர். ஒவ்வொன்றும் 3 நிமிடமாக மூன்று சுற்றுகள். சுற்றுகளுக்கு இடையே 1 நிமிட ஓய்வு. ஒத்த எடையுடையவரே ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பதற்காக எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. இடுப்புக்குக் கீழே அடித்தல் கூடாது. தலையின் பின்புறத்தில் அடித்தல் கூடாது. வீழ்ந்தவனை அடித்தல் அறவே கூடாது. அடிபட்டுத் தடுமாறுபவனை நோக்கி நடுவர் எட்டுவரை எண்ணுவார். அவன் நிலை சரியில்லை என்று கண்டால் போட்டியை அத்துடன் நிறுத்திவிடுவார்.

தெருச்சண்டைக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள வேறுபாடு இதனால் விளங்கும். தெருவில் சண்டையிடுபவன் சினத்தால் கையை ஓங்குகிறான். மேடையில் நிற்பவனோ சினம் கொண்ட கணத்திலேயே தோற்கத் தொடங்குகிறான். அவன் வலிமை தோளில் இருப்பதாகப் பார்ப்பவர் எண்ணுவர். உண்மையில் அது பாதத்தில் பிறக்கிறது. பின்காலால் தரையை உந்தி, இடுப்பைத் திருப்பி, அந்த விசையைத் தோள் வழியாக முட்டிக்குக் கொண்டுசேர்ப்பதே அடி. ஆதலின் காலடி வைக்கும் முறையைத்தான் ஆசிரியர் முதலில் கற்பிக்கிறார். மாதக் கணக்கில் ஒருவரையும் அடிக்காமல் நடக்கவும் விலகவும் பழகிய பின்னரே மாணவன் மற்றொருவன் எதிரே நிறுத்தப்படுகிறான். எழுதப் பழகுமுன் மணலில் விரல் தேய்த்த நம் முன்னோரின் கல்வி முறையை இது எனக்கு நினைவூட்டுகிறது.

ஆயினும் இவ்விளையாட்டில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தலையில் படும் அடிகள் மூளைக்குத் தீங்கு செய்யும் என்பது மருத்துவர்கள் ஐயமின்றிக் கண்ட உண்மை. தகுதியுள்ள பயிற்றுநரும், உடற்பரிசோதனையும், போட்டியை உரிய நேரத்தில் நிறுத்தும் நடுவரும் இல்லாத இடத்தில் இதனை ஆடவே கூடாது. நல்ல ஆசிரியர் இல்லாத பள்ளியில் மாணவன் அறியாமையோடு போய்விடுவான். நல்ல ஆசிரியர் இல்லாத குத்துச்சண்டைக் களத்திலோ அவன் உடல்நலமே போய்விடும். ஆசிரியரின் இன்றியமையாமையை இதைவிடக் கடுமையாக உணர்த்தும் துறை வேறொன்று உண்டோ என அறியேன்.

இனி ஹவா சிங்கின் வரலாற்றுக்கு வருவோம்.

அவர் 1937ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், பிவானிப் பகுதியைச் சார்ந்த உமர்வாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அன்று பஞ்சாபைச் சேர்ந்திருந்தது. 1966ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அரியானா தனி மாநிலமாக அமைந்தபோது அதனுள் அடங்கியது. மழை குறைந்த மணற்பாங்கான நிலம். உழவும் கால்நடையுமே வாழ்வுக்கு ஆதாரம். உடல் வலிமை மிக்க இளைஞர்களுக்கு அங்கே திறந்திருந்த பெரிய வாயில் இராணுவம் ஒன்றே. 1956ஆம் ஆண்டு ஹவா சிங் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். அவர் குத்துச்சண்டை வீரராக உருவானதும் படையினுள்ளேதான்.

இதில் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்காலத்தில் நம் நாட்டுக் குத்துச்சண்டை வீரர்களுள் பெரும்பாலோர் படையினராகவோ இரயில்வே ஊழியராகவோ இருந்தமைக்குக் காரணம் யாது? அவ்விடங்களில்தான் வேளை தவறாத உணவும், கையுறையும், பயிற்சிக்கூடமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கற்பிப்பவரும் இருந்தனர். வலிமை நாடெங்கும் பரவிக் கிடந்தது. வாய்ப்போ சில இடங்களில் மட்டுமே இருந்தது.

1960ஆம் ஆண்டு ஹவா சிங் படையின் மேற்கு மண்டலத்து வாகையர் ஆனார். அடுத்த ஆண்டு, 1961இல், கனரகப் பிரிவில் தேசிய வாகையர் பட்டத்தை வென்றார். அன்று தொடங்கித் தொடர்ந்து 11 முறை அப்பட்டத்தை அவர் பிறர் கைக்குச் செல்லவிடவில்லை. அன்றைய கனரகப் பிரிவு 81 கிலோகிராமுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது. அதற்கு மேல் எல்லை இல்லை. எதிரே நிற்பவன் எவ்வளவு பருத்தவனாயினும் நின்றே ஆகவேண்டும். ஒருமுறை வெல்வதற்கு வலிமை போதும்; பதினொரு முறை வெல்வதற்கு ஒழுக்கம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவரை வீழ்த்தவென்றே புதிய இளைஞர்கள் பயின்று வந்திருப்பர்; அவருக்கோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு வயது கூடியது. உறக்கம், உணவு, ஓட்டம், பயிற்சி ஆகியவற்றில் ஓராண்டேனும் தளர்ந்திருந்தால் பட்டம் கைமாறியிருக்கும்.

1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பாங்காக் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அரியானா மாநிலம் பிறந்து அப்போது ஆறு வாரங்களே ஆகியிருந்தன. இறுதிப் போட்டியில் பாகிஸ்தான் வீரர் அப்துல் ரகுமானை வென்று ஹவா சிங் தங்கப் பதக்கம் பெற்றார். அவ்வாண்டுக்குரிய அர்ஜுனா விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டின் ஆசியப் போட்டிகள் சியோல் நகரில் நடைபெற வேண்டியவை. அந்நாடு நடத்த இயலாமையைத் தெரிவிக்கவே, அவை மீண்டும் பாங்காக் நகருக்கே வந்தன. அம்முறை ஈரான் நாட்டு வீரரை இறுதியில் வென்று இரண்டாம் முறையும் தங்கம் கொண்டுவந்தார். அடுத்தடுத்த இரு ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் வேறு எவரும் இல்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் சாதனை அவருக்கே உரியதாக நிற்கிறது.

இவ்வளவோடு அவர் வரலாறு முடிந்திருந்தால், நான் இன்று உங்கள் முன் பேசவந்திருக்கமாட்டேன். பதக்கம் வென்றோர் பட்டியல் புத்தகங்களில் இருக்கிறது, வேண்டியோர் படித்துக்கொள்ளலாம். மேடையை விட்டு இறங்கிய பின் வீரன் என்ன செய்கிறான் என்பதே என் உள்ளத்தைத் தொட்ட வினா.

இவ்வினாவுக்கு வெவ்வேறு வீரர்கள் வெவ்வேறு விடை கண்டிருக்கிறார்கள். ஜெர்மானிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் 1930 முதல் 1932 வரை உலகக் கனரக வாகையராக இருந்தவர். 1936இல் அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜோ லூயிஸை வென்றார். 1938இல் அவரிடமே முதற்சுற்றிலேயே வீழ்ந்தார். இட்லரின் ஆட்சி அவரைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொள்ள முயன்றது. ஆனால் அதே 1938ஆம் ஆண்டு நவம்பரில், யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவுகளில், தம் யூத நண்பரின் இரு மைந்தரை அவர் மறைத்துவைத்துக் காத்தார். போர் முடிந்த பின் பொருளிழந்த நிலையில், நாற்பது வயது கடந்தும், பிழைப்புக்காக மீண்டும் மேடையேறி, 1948இல் கையுறையைக் கழற்றினார். பின்னர் ஹாம்பர்க் நகரில் குளிர்பான வணிகத்தில் செல்வரானார். பழைய மாற்றாராகிய ஜோ லூயிஸ் வறுமையுற்றபோது உதவினார். 1981இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கின் செலவிலும் பங்கேற்றார். 2005ஆம் ஆண்டு தம் 99ஆம் வயதில் மறைந்தார். மேடையில் பகைவராக நின்றவர் வாழ்க்கையில் நண்பராக இருக்கலாம் என்பதே ஷ்மெலிங் அளித்த விடை.

ஹவா சிங் அளித்த விடை வேறு. அது ஓர் ஆசிரியரின் விடை.

அவர் 1980ஆம் ஆண்டு படையிலிருந்து ஓய்வு பெற்றார். எனக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் நினைவில் நிற்கிறது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்தேன். உலகப் புகழ் பெற்ற முகமது அலி அவ்வாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியொன்றில் கலந்துகொண்டார். எங்கள் விடுதியில் நாளிதழ் கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. ஊரே அவரைப் பற்றிப் பேசிற்று. அவர் வந்தார், கண்டோம், சென்றார். அதே ஆண்டில் பிவானிக்குத் திரும்பிய ஹவா சிங்கைப் பற்றித் தமிழகத்தில் நாங்கள் ஒரு சொல்லும் கேள்விப்படவில்லை. ஆனால் வந்துபோன பெருவீரர் செய்ய இயலாத ஒன்றை, ஊரிலேயே தங்கியவர் செய்தார். காலையும் மாலையும் சிறுவர்களைத் திரட்டிக் காலடி வைக்கக் கற்பித்தார்.

விளைவு உடனே தோன்றவில்லை. கல்வியின் விளைவு என்றைக்கும் அப்படித்தான். அவரிடம் பயின்ற இராஜ்குமார் சங்வான் ஆசிய வாகையர் போட்டியில் தங்கம் வென்றார். பிவானியில் விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும், 2003ஆம் ஆண்டில் பயிற்றுநர் ஜக்தீஷ் சிங் தொடங்கிய குத்துச்சண்டைக் கழகமும் அந்த மரபை மேலும் வளர்த்தன. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து சென்ற ஐந்து குத்துச்சண்டை வீரர்களுள் நால்வர் பிவானியில் பயின்றவர்கள். அவர்களுள் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதற்பதக்கம் அதுவே. குத்துச்சண்டைக்குப் பேர்பெற்ற கியூபா நாட்டை நினைந்து, செய்தித்தாள்கள் பிவானியைச் 'சின்னக் கியூபா' என்று அழைத்தன.

ஹவா சிங் அதைக் காணவில்லை. சிறந்த பயிற்றுநருக்குரிய துரோணாச்சாரியா விருது, 1999ஆம் ஆண்டுக்கு உரியதாக அவருக்கு அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அதனைப் பெற வேண்டும். ஆகஸ்டு 14ஆம் நாள் பிவானியில் அவர் காலமானார். இடையே இருந்தவை 15 நாட்கள். அவர்தம் துணைவியார் சென்று அவ்விருதைப் பெற்றுவந்தார்.

இவ்விரு விருதுகளின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். அருச்சுனன் மாணவன், துரோணர் ஆசிரியர். 1966இல் மாணவன் பெயரால் விருது பெற்றவர், 33 ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் பெயரால் விருதுக்கு உரியவரானார். கற்றவர் பலர், கற்றதைக் கொடுக்கத் திரும்பி வந்தவர் சிலரே.

அவர் கொடுத்தது அவரோடு நிற்கவில்லை. அவருடைய மைந்தர் சஞ்சய் சியோரான், தந்தையின் பெயரால் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்திவருகிறார். அங்கே பூஜா ராணி என்ற பெண் பயிலவந்தாள். அவளுடைய தந்தை காவல்துறையில் பணியாற்றியவர். நல்ல பிள்ளைகள் குத்துச்சண்டை ஆடமாட்டார்கள் என்பது அவர் கருத்து. ஆதலின் அப்பெண் வீட்டுக்குத் தெரியாமல் பயின்றாள். அடிபட்ட நாட்களில், காயம் ஆறும்வரை தோழியின் வீட்டில் தங்கினாள். பயிற்றுநரே பலமுறை வீடு தேடிச் சென்று தந்தையின் மனத்தை மாற்றினார். 2019லும் 2021லும் அவர் ஆசிய வாகையர் ஆனார். டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். 2025ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடந்த உலக வாகையர் போட்டியில் பூஜா ராணி வெண்கலமும், ஹவா சிங்கின் பெயர்த்தி நூபுர் சியோரான் வெள்ளியும் வென்றனர். அதே போட்டியில் தங்கம் வென்ற ஜாஸ்மின் லம்போரியாவும் பிவானியைச் சேர்ந்தவரே.

நேயர்களே, பூஜா ராணியின் தந்தையைப் பற்றிப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். அவர் சொன்ன அதே சொல்லை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வானூர், மரக்காணம் பகுதியை அறிந்தவர்கள் உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். வெண்மை கண்ணைக் கூசச்செய்யும் கோடை வெயிலில், உவர்நீர் நிற்கும் பாத்திகளில் நின்று, நீண்ட பிடியுள்ள பலகையால் உப்பை இழுத்துக் கூட்டுகிறார்கள். வழுக்கும் சேற்றில் கால் பதறாமல் நிற்கவும், தோள் சலிக்காமல் இழுக்கவும் அவர்கள் பிள்ளைகள் இளமையிலேயே பழகிவிடுகிறார்கள். நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியொன்றில் அத்தகைய மாணவன் ஒருவன் படித்தான். அடிக்கடி சண்டையில் சிக்குவான். ஒருநாள் உடற்கல்வி ஆசிரியர் என் அறைக்கு வந்து, "ஐயா, அந்தப் பையன் கால் வைக்கும் நேர்த்தியைப் பார்த்தேன். எனக்குக் குத்துச்சண்டை ஓரளவு தெரியும். இரண்டு இணை கையுறை வாங்க ஒப்புதல் தாருங்கள், மாலையில் பழக்குகிறேன்" என்றார். "படிக்கிற இடத்தில் அடிதடிக்கு இடமில்லை. நல்ல பிள்ளைகளுக்கு இது வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த மாணவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

துரோணரின் கதையை வகுப்பில் பலமுறை நான் நடத்தியிருக்கிறேன். ஏகலைவனுக்குக் கற்பிக்க மறுத்தவரும் அதே துரோணர்தான் என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் அறை வாயிலில் ஓர் ஏகலைவன் நின்றதை மட்டும் நான் காணவில்லை.

சென்ற ஆண்டு அவனை உப்பளக் கரையில் கண்டேன். நரை கண்டிருந்தது. என்னைக் கண்டதும் தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். பழைய செய்தியை நானே எடுத்து, "தம்பி, அன்று நான் தவறு செய்துவிட்டேன்" என்றேன். அவன் சிரித்தான். "அதை எல்லாம் இன்னுமா நினைவில் வைத்திருக்கிறீர்கள், ஐயா?" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெண்பிள்ளைகளும் இதில் பழகலாமாமே? எங்கே சேர்ப்பது, ஐயா?" என்று கேட்டான்.

பழகலாம் என்ற விடையை உடனே சொல்லிவிட்டேன். எங்கே என்ற வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டிருக்கிறேன். அந்த உடற்கல்வி ஆசிரியர் இப்போது ஓய்வு பெற்று அருகிலுள்ள ஊரில்தான் வாழ்கிறார். அவரிடம் சென்று, அன்று மறுத்ததை இன்று நானே வேண்டிக் கேட்டேன். "முதலில் ஒரு மருத்துவர் பிள்ளைகளைப் பார்க்கட்டும், பிறகு மூன்று மாதம் கால் பழக்குவேன், கையுறை அதன் பின்னர்தான்" என்றார். சரியான ஆசிரியர் சொல்லும் சொல் அது. என் ஓய்வூதியத்திலிருந்து அந்தக் கையுறைகளை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நம் தமிழகத்திலும் திறமைக்குக் குறைவில்லை. சென்னையைச் சேர்ந்த வீ. தேவராஜன் 1994ஆம் ஆண்டு பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்று காட்டியவர். பிவானியின் மண்ணில் தனித்த மாயம் ஏதும் இல்லை. வென்றவர் ஒருவர் ஊருக்குத் திரும்பினார், தங்கினார், கற்பித்தார். அவ்வளவே. உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒன்றை நன்கு கற்று, அதனைத் தம்மோடு வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். நீங்களே அந்த முதியவராயின், எழுந்து பள்ளி மைதானத்துக்குச் செல்லுங்கள்.